புதுப்பிப்பு: 1870-களின் விக்டோரியன் உடைக்குப் பேட்டர்ன் கிடைத்தது

1870-களின் பெண்கள் பாடிஸுக்கும் (உடலை ஒட்டிய மேலுடை) 8 வயதுச் சிறுமியின் கவுனுக்கும் பேட்டர்ன், அதாவது துணி வெட்டுவதற்கான வரைபடம், கேட்டிருந்தேன். பதில் தந்த எல்லோருக்கும் நன்றி. கைகொடுத்தது, 1867-இல் தொடங்கிய ‘ஹார்ப்பர்ஸ் பஜார்’ இதழோடு வந்த பழைய பேட்டர்ன் இணைப்புத் தாள்களைப் பாருங்கள் என்ற யோசனைதான்.

ஒரே தாளில் பல உடைகளின் கோடுகள் பின்னிக் கிடக்கும். புள்ளி, கீறல் என ஒவ்வொன்றுக்கும் தனிக் கோட்டுவகை. வேண்டியதை மட்டும் கலர் பென்சிலால் வரைந்துகொண்டு, பிறகு அதன்மேல் டிரேசிங் வீல் (கோட்டை அடியிலுள்ள தாளில் பதிக்கும் பல்சக்கரம்) ஓட்டுங்கள். தையலுக்கு இடம் விட்டிருக்காது, சுற்றிலும் 1.5 செ.மீ. சேருங்கள். ஒரே அளவில்தான் இருக்கும் என்பதால், முதலில் காடாத்துணியில் வெட்டி, கார்செட் (இடுப்பை இறுக்கும் உள்ளாடை) போட்டபடியே அளவு பார்ப்பது அவசியம்.

எதிர்பாராதது: தோள் தையல் உச்சியில் வராமல் முதுகுப்பக்கம் இறங்கி நிற்கும். அக்கால வெட்டே அதுதான். முன்னே இழுத்தால் கைக்குழி கெடும். சிறுமியின் கவுனில் கீழே 2 டக் (மடித்துத் தைத்த மடிப்பு) பிடித்தேன். வளர வளரப் பிரித்துவிடலாம்.