லேடிஹாக் தமிழ் சப்டைட்டில்: டைமிங் சரிபார்க்கவும், ஒரு பறவைக்குப் பெயர் சொல்லவும் உதவி வேண்டும்

வணக்கம் நண்பர்களே. ரிச்சர்ட் டானரின் ‘லேடிஹாக்’ (1985) படத்துக்குத் தமிழ் சப்டைட்டில் தயாராகிறது. கையிலுள்ள டைமிங் (ஒவ்வொரு வரியும் திரையில் வரும் நேரம்), நொடிக்கு 25 ஃபிரேம் (படச்சட்டம்) ஓடும் ஐரோப்பிய டிவிடிக்கானது. அதில் படம் சுமார் 116 நிமிடம். ப்ளூரேயில் 23.976 ஃபிரேம், 121 நிமிடம். அதில் போட்டால் தொடக்கத்தில் சரியாக வரும் எழுத்து போகப்போக முந்தி, முடிவில் ஐந்து நிமிடம் முன்னால் போய்விடும். மொத்தமாகத் தள்ளிவைத்துப் பயனில்லை; எல்லா நேரத்தையும் 1.0427-ஆல் பெருக்க வேண்டும். பெருக்கியாயிற்று.

ப்ளூரே வைத்திருப்பவர்கள் முதல் வசனம், கடைசி வசனம், பனிக்குழி விடியல் மூன்றையும் பார்த்துச் சொல்லுங்கள். சாபத்தால் இஸபோ பகலில் பறவை, அவள் காதலன் நவார் இரவில் ஓநாய்; ஓநாய் மனிதனாக மாறி, அவள் பறவையாகும் முன் இருவரும் ஒரு கணம் முகம் பார்க்கும் இடம் அது. அங்கே திரையில் ஓர் எழுத்துகூட நிற்கக் கூடாது.

அடுத்தது, இஸபோ மாறும் பறவை; ஆங்கிலத்தில் ‘ஹாக்’. ‘பருந்து’ என்றால் கோழிக்குஞ்சு தூக்கும் பறவைதான் நினைவுக்கு வரும். ‘ராஜாளி’ கேட்க அழகு, ஆனால் வேறு இனம். ‘வல்லூறு’ பொருந்துகிறது, காதல் வசனத்தில் கரடுமுரடாக ஒலிக்கிறது. எதை வைக்கலாம்?

இஸபோவும் நவாரும் பேசிக்கொள்வதில் இருவருக்குமே ‘நீ’ போட்டிருக்கிறது. உறுத்துகிறதா?