சைன்: தமிழில் என்ன? (தட்டையடிப் படகுக் கையேடு, வெள்ளிக்குள் வேண்டும்)

மடல் 1 | கையேட்டுக் குழு

அனைவருக்கும் வணக்கம். பாலிடெக்னிக் மாணவர்களுக்கான படகுகட்டும் கையேடு வெள்ளியன்று அச்சுக்குப் போகிறது. 12 அடி நீளம், தட்டை அடி, ஒற்றைப் பாய். கழியிலும் காயலிலும் மட்டும் ஓட்டுவதற்கானது. பக்கங்களுக்கு 6 மி.மீ., அடிக்கு 9 மி.மீ. மரைன் பிளைவுட். 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவின் நியூஹேவனில் சிப்பி அள்ளிய ஷார்ப்பி படகுகளின் வழிவந்த அமைப்பு.

அணியம் (முன்முனை), அமரம் (பின்முனை), வங்கு (விலாச்சட்டம்), பருமல் (பாய் கட்டும் கழி), சுக்கான் எல்லாம் நம்மிடம் உண்டு. அடிப்பலகையும் பக்கப்பலகையும் கூடி அணியத்திலிருந்து அமரம்வரை ஓடும் கோட்டுக்குத்தான் (ஆங்கிலத்தில் chine, 'சைன்') சொல் கிடைக்கவில்லை. 'சைன்' என்றே விட முடியாது. சாய்வுக் கணக்கு வரும் அதே பக்கத்தில் முக்கோணவியல் சைனும் இருக்கிறது. இப்போதைக்கு 'அடிவிளிம்பு' என்று போட்டிருக்கிறேன். ஒப்புதானா?

மடல் 2 | தமிழாசிரியர்

விளிம்பு வேண்டாம் அம்மா. பலகைக்கும் விளிம்பு, படகின் மேல்வாய்க்கும் விளிம்பு. 'இறை' என்ற பழஞ்சொல்லை எடுங்கள். குறளில் வளை கழலும் முன்கை மூட்டு இறை. கூரை தாழ்ந்து முடியும் ஓரம் இறவாரம். இரண்டிலும் ஒரு பரப்பு முடிந்து மடங்கும் இடம் என்ற கருத்து இருக்கிறது. இறைக்கட்டை, இறைக்கோணம், ஈரிறைப் படகு என்று கிளைச்சொற்களும் தடையில்லாமல் பிறக்கும்.

மடல் 3 | படகுப் பட்டறை

ஐயா, சொல் அழகுதான். ஆனால் படகில் தண்ணீர் இறைப்பதும் இறை. அதுவும் இதே இடத்தில்.

பக்கப்பலகை வெளிப்புறம் சாய்ந்திருப்பதால், அந்தக் கோட்டை ஒட்டி உள்ளே நீளவாக்கில் ஒட்டும் கட்டையின் மேல்முகம் பலகையை நோக்கிச் சரியும். அந்த இடுக்கில் தண்ணீர் தேங்கித்தான் மரம் இற்றுப்போகிறது. மேல்முகத்தை உள்நோக்கிச் சரிய இழைக்க வேண்டும். வங்கு கட்டையில் அமரும் இடங்களில் 12 மி.மீ. வடிதுளை விட வேண்டும். இதை 'இறைக்கட்டை' என்று எழுதி, அச்சில் ஒற்று விழுந்து 'இறைகட்டை' ஆனால் வினைத்தொகையாகிவிடும். மாணவன் தண்ணீர் இறைக்கும் கட்டையைத் தேடுவான்.

எந்தச் சொல்லானாலும் இந்த வரியில் வைத்துப் பாருங்கள்: 'பக்கச் சாய்வு 18 பாகை, கட்டைத் தடிப்பு 20 மி.மீ. என்றால், கட்டையைப் பலகையின் கீழோரத்துக்கு 7 மி.மீ. கீழே தள்ளி ஒட்டி, பிறகு இழைத்துச் சமன் செய்க.' ஓரத்தோடு ஓரமாக ஒட்டினால் கட்டையின் உள்மூலை 6.2 மி.மீ. மேலேறி நிற்கும். அடிப்பலகை அதில் படியாது. சாய்வு நீளவாக்கில் மாறிக்கொண்டே போவதால், ஓர் அடி நீளத்துக்கு ஒருமுறை எதிர்ப்பக்கக் கட்டைவரை நேர்கோல் வைத்துப் பார்க்க வேண்டும். இரு கட்டைகளையும் ஒரே மரத்தில் அறுக்க வேண்டும். ஒன்று விறைப்பாகவும் மற்றது இளக்கமாகவும் இருந்தால் படகு முறுக்கிக்கொள்ளும்.

மடல் 4 | யாழ்ப்பாணம்

கட்டையை வைத்துச் சொல் ஆக்க வேண்டாம். செம்புக் கம்பியால் தைத்து, எப்பொக்சிப் பசை பூசி, கண்ணாடி இழைப்பட்டை ஒட்டும் முறையில் கட்டையே இல்லை. கோடு மட்டும் இருக்கிறது. 'மூட்டுவாய்' என்று வையுங்கள். தச்சருக்கும் தையற்காரருக்கும் விளங்கும்.

மடல் 5 | மொழிபெயர்ப்பாளர்

மூட்டுவாய் இணைப்பைச் சொல்கிறது, வடிவத்தைச் சொல்லவில்லை. இரண்டு பிளைவுட் தாள்களை நீளத்துக்கு ஒட்டும் இடமும் மூட்டுவாய்தானே? 'அடிமடிப்பு' எப்படி? அலுமினியப் படகில் அது உண்மையிலேயே மடிப்பு. பக்கத்துக்கு இரண்டு, மூன்று கோடுகள் உள்ள படகைப் 'பன்மடிப்புப் படகு' எனலாம்.

மடல் 6 | தமிழாசிரியர்

தட்டையடி நமக்குப் புதிதன்று என்பதையும் முன்னுரையில் சேருங்கள். நெல்லேற்றி வந்து கழியோரம், குதிரைகளைப் போலக் கட்டப்பட்டு நின்ற பஃறி என்னும் படகைச் சங்கப் பாட்டில் காண்கிறோம். ஆழமற்ற கழியில் நெல் சுமந்த கலத்துக்கு அடி தட்டையாகத்தான் இருந்திருக்கும் என்பது என் துணிபு. ஆகவே ஷார்ப்பியையே 'பஃறி' எனலாமே.

மடல் 7 | படகுப் பட்டறை

பஃறி வேறு இழையில் பேசுவோம் ஐயா. மடிப்பில் எனக்கு ஒரு தயக்கம். மடிப்பு என்றால் மழுங்கியது என்று நினைத்து உளிபோட்டு உருட்டிவிடுவார்கள். அமரத்தை ஒட்டிய பகுதியில் அந்தக் கோடு கூராகவே இருக்க வேண்டும். உருண்டால் ஓடும்போது தண்ணீர் சுற்றிக்கொண்டு இழுக்கும். இழைப்பட்டை ஒட்ட 5 மி.மீ. அளவு உருட்டினால் போதும் என்று தனியாக எழுதுங்கள். அந்தக் குறிப்பு இருந்தால் எனக்கு மறுப்பில்லை.

மடல் 8 | கையேட்டுக் குழு

நன்றி. அடிமடிப்பு, மடிப்புக்கட்டை, மடிப்புக்கோணம் என்று அச்சுக்கு அனுப்புகிறேன். உருட்டும் அளவு கட்டத்துக்குள் வரும். சொல்லடைவில் மூட்டுவாயையும் சேர்க்கிறேன்.

மடல் 9 | யாழ்ப்பாணம்

சொல்லடைவில் மட்டும் போதாது. தைத்து ஒட்டும் அதிகாரத்தில் மாணவர் கையாள்வது மூட்டைத்தான். எங்கே கம்பி தைப்பது, எங்கே பசை நிரப்புவது என்று சொல்ல 'மடிப்பு' உதவாது. அந்த அதிகாரத்திலாவது மூட்டுவாய் நிற்கட்டும்.

மடல் 10 | தமிழாசிரியர்

இறையை நான் இன்னும் கைவிடவில்லை.