ஸ்பானிஷில் 'புவெனோ': எங்கே புவென், எங்கே புவெனா, எங்கே பியென்?

மொழித்தேனீ கேட்டது:
ஏ2 (தொடக்க நிலையின் இரண்டாம் படி) பாடம் போய்க்கொண்டிருக்கிறது. 'நல்ல' என்றால் புவெனோ என்பது தெரியும். ஆனால் ஒரு பத்தியில் 'ஊன் புவென் லிப்ரோ' என்றும் அடுத்ததில் 'ஊன் லிப்ரோ புவெனோ' என்றும் வருகிறது. இரண்டும் நல்ல புத்தகம்தானே? இன்னொன்று: சாப்பாடு நன்றாக இருக்கிறது என்று சொல்ல எஸ் புவெனா, எஸ்தா புவெனா, எஸ்தா பியென், இவற்றில் எது சரி? எங்கே சறுக்கும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

கடைசிபெஞ்ச்:
முதல் கேள்விக்கு மட்டும் சொல்கிறேன். ஆண்பால் ஒருமைப் பெயருக்கு முன்னால் வந்தால் புவெனோ தன் கடைசி 'ஓ'வை இழந்து புவென் ஆகும். பின்னால் வந்தால் முழுசாக நிற்கும். பெண்பாலில் இந்தச் சுருக்கம் கிடையாது: ஊனா புவெனா இதேயா (ஒரு நல்ல யோசனை). பன்மையிலும் கிடையாது: புவெனோஸ் லிப்ரோஸ். 'மாலோ' (கெட்ட) என்பதும் இதே மாதிரி 'மால்' ஆகும்.

தமிழில் நல்ல பையன், நல்ல பெண், நல்ல புத்தகங்கள் என்று 'நல்ல' அசையாமல் நிற்பதால், பால், எண் பார்த்து மாற்றும் பழக்கம் நமக்கு வர நாளாகும். வணக்கச் சொற்களை வைத்தே பழகலாம். 'தியா' (பகல்) 'ஆ'வில் முடிந்தாலும் ஆண்பால், அதனால் புவெனோஸ் தியாஸ். தார்தெ (மாலை), நோசெ (இரவு) இரண்டும் பெண்பால், அதனால் புவெனாஸ் தார்தெஸ், புவெனாஸ் நோசெஸ்.

இடம் மாறினால் அர்த்தமும் கொஞ்சம் நகரும். 'ஊன் புவென் அமீகோ' என்றால் நெருங்கிய, நம்பகமான நண்பன். 'ஊன் அமீகோ புவெனோ' என்றால் நல்ல மனசுக்காரன். புத்தகத்துக்கு வித்தியாசம் அவ்வளவு இல்லை. பின்னால் போட்டால் தரத்தை அழுத்திச் சொல்வதாக இருக்கும். ஆனால் 'ஊன் புவென் ராத்தோ' என்றால் 'ரொம்ப நேரம்'. நாம் 'நல்ல மழை', 'நல்ல கூட்டம்' என்று அளவைச் சொல்கிறோமே, அதே 'நல்ல'. இந்த அர்த்தத்தில் எப்போதும் முன்னால்தான் வரும்.

செர்_எஸ்தார்:
இரண்டாவது கேள்விதான் தமிழர்களுக்கு உண்மையான கண்ணி. நமக்கு எல்லாமே 'நல்லா இருக்கு'. சாப்பாடும் நல்லா இருக்கு, நானும் நல்லா இருக்கேன். ஸ்பானிஷில் இது இரண்டாகப் பிரியும். 'இருக்கிறது' என்பதற்கே செர், எஸ்தார் என்று இரண்டு வினைகள்: எஸ் என்பது செரின் வடிவம், எஸ்தா, எஸ்தோய் இரண்டும் எஸ்தாரின் வடிவங்கள்.

தட்டில் இருப்பதைச் சுவைத்துவிட்டுச் சொல்வது: லா பாயேயா எஸ்தா புவெனா (பாயேயா என்பது ஸ்பெயினின் சோற்று உணவு). இங்கே 'எஸ்தா பியென்' என்றால் 'பரவாயில்லை' என்ற அளவுக்கு இறங்கிவிடும். சமைத்தவருக்கு முகம் வாடும். 'எஸ் புவெனா' என்றால் அந்தப் பொருளின் பொதுவான தரம், பயன்: லா ஃப்ரூதா எஸ் புவெனா பாரா லா சலூத், பழம் உடம்புக்கு நல்லது.

நலம் விசாரித்தால் எப்போதும் 'எஸ்தோய் பியென்'. 'எஸ்தோய் புவெனோ' என்று மட்டும் பதில் சொல்லாதீர்கள். ஒரு ஆளைப் பற்றி எஸ்தார் போட்டு புவெனோ, புவெனா என்றால் உடல் கவர்ச்சியைச் சொல்வதாகவே பெரும்பாலும் கேட்கும். வகுப்புத் தோழியைப் புகழ நினைத்து 'எஸ்தா புவெனா' என்றால் விவகாரமாகிவிடும். குணத்தைச் சொல்ல 'எஸ் புவெனா' போதும்.

வினையைத் தழுவி வந்தால் பியென்தான்: ஆப்லா பியென், நன்றாகப் பேசுகிறாள். 'நன்றாக' வரும் இடத்தில் பியென், 'நல்ல' வரும் இடத்தில் புவெனோ என்று வைத்துக்கொள்ளலாம். சாப்பாட்டை மட்டும் விதிவிலக்காக மனதில் குறித்துக்கொள்ளுங்கள்.

தென்திசை:
மேலே சொன்னதோடு ஒரு திருத்தம். நாட்டைப் பொறுத்து மாறும். லத்தீன் அமெரிக்காவில் பல இடங்களில் படம், புத்தகம் பற்றியும் 'எஸ்தா புவெனா', 'எஸ்தா புவெனோ' என்று சாதாரணமாகச் சொல்வார்கள். ஸ்பெயினில் அதற்கு 'எஸ் புவெனா' அல்லது 'எஸ்தா முய் பியென்' என்பார்கள். ஸ்பெயினில் 'போனெர்சே புவெனோ' என்றால் நோய் தீர்ந்து தேறுவது. இந்தத் தொடருக்கும் கவர்ச்சிக்கும் சம்பந்தமில்லை. மெக்சிகோவில் போனை எடுத்ததும் '¿புவெனோ?' என்பார்கள், அது நம் 'ஹலோ'. பேச்சின் நடுவில் வரும் புவெனோ 'சரி', 'அப்புறம்' மாதிரி. அதைப் பெயரடையாக எடுத்து மொழிபெயர்த்துக் குழம்ப வேண்டாம்.

மொழித்தேனீ:
மிக்க நன்றி. 'இதைவிட நல்லது' என்பதற்கு மாஸ் (அதிகம்) சேர்த்து மாஸ் புவெனோ என்பது சரியா?

கடைசிபெஞ்ச்:
தரத்தை ஒப்பிட்டால் 'மெஹோர்'. பால் பார்த்து மாறாது, பன்மையில் மட்டும் மெஹோரெஸ். 'மாஸ் மெஹோர்' தவறு, மாஸ் அதற்குள்ளேயே இருக்கிறது. நல்ல மனசை ஒப்பிடும்போது 'மாஸ் புவெனோ' வரும்: 'மாஸ் புவெனோ கெ எல் பான்', ரொட்டியைவிட நல்லவன் என்று மரபாகவே சொல்வார்கள்.