வில்லியோடு கடைசிச் சண்டை இரண்டே சுற்றில் முடிந்துவிடாமல் இருக்க என்ன செய்யலாம்?

சாம்பல்பகடை:
டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (பகடை உருட்டிக் கதை நடத்தும் மேசை விளையாட்டு) ஐந்தாம் பதிப்பு, 2014 விதிகள். ஆட்டத்தை நடத்தும் டிஎம் நான். பார்ட்டியில், அதாவது ஆடுபவர்களின் குழுவில், ஐந்து பேர், எல்லோரும் ஒன்பதாம் லெவல்: பாலடின் (புனித வீரர்), மாங்க் (சண்டைத் துறவி), விசார்ட் (மந்திரவாதி), கிளரிக் (பூசாரி), ரோக் (திருட்டுக் கில்லாடி). கேம்பெயினின் (செஷன் செஷனாக நீளும் கதையின்) வில்லி வேழவதி என்ற சூனியக்காரி. செத்துப்போன தன் படையை எழுப்புவதற்காக ஒரு பழைய மணிக்கூண்டைப் பிடித்து வைத்திருக்கிறாள். அங்கிருக்கும் ஏழு மணிகளும் ஒலித்துவிட்டால் படை மொத்தமும் எழுந்துவிடும். அடுத்த செஷனில் நேருக்கு நேர் மோதல்.

பிரச்சினை என்னவென்றால், இவர்கள் எந்தப் பெரிய எதிரியையும் இரண்டாவது சுற்றுக்குள் சாய்த்துவிடுகிறார்கள். மாங்க் ஸ்டன் செய்து எதிரியை உறைய வைப்பார், பாலடின் ஸ்மைட்டாக (கூடுதல் டேமேஜ் தரும் புனித அடியாக) கொட்டுவார், முடிந்தது. ஹிட் பாயிண்டை (உயிர்ப் புள்ளியை) ஏற்றிவிட்டால் சண்டை நீளும், ஆனால் சுவாரசியம் வராது, ஆளாளுக்குப் பகடையை உருட்டிக் கழித்துக்கொண்டே இருப்பார்கள். பல வருடம் கழித்தும் "அந்த மணிக்கூண்டுச் சண்டை" என்று பேச வைக்க வேண்டும் என்பதுதான் ஆசை. எங்கிருந்து தொடங்குவது?

இருபதுமுகம்:
முதலில் கணக்கு. உங்கள் ஐந்து பேரும் தவறிய அடிகளையும் சேர்த்துச் சராசரியாக ஆளுக்கு 20 டேமேஜ் தருகிறார்கள் என்று வையுங்கள், சுற்றுக்கு 100 ஆகிவிடுகிறது. 150 ஹிட் பாயிண்ட் உள்ள சூனியக்காரி இரண்டாவது சுற்றின் நடுவில் காலி. அதில் ஆச்சரியமே இல்லை, அவள் ஒருமுறை செயல்படுவதற்குள் இவர்கள் ஐந்து முறை செயல்படுகிறார்கள். பழைய செஷன் குறிப்புகளைப் பார்த்து உங்கள் பார்ட்டியின் உண்மையான சராசரியை எடுங்கள், நாலு சுற்றுக்குத் தாங்குகிற மாதிரி வையுங்கள், அதற்கு மேல் வேண்டாம்.

அப்புறம் அவளுக்கு லெஜண்டரி ஆக்ஷன் (பெரிய எதிரிகளுக்கு உண்டான கூடுதல் செயல்) மூன்று. ஒவ்வொன்றும் வேறொருவருடைய முறை முடிந்ததும் வரும், அதனால் பிளேயர்கள் அவளை மறக்கவே முடியாது. மூன்றையும் தாக்குதலாக வைக்காதீர்கள். ஒன்று இடம் மாறுவதற்கு, ஒன்று செத்த வீரன் ஒருவனை எழுப்புவதற்கு, ஒன்று மட்டும் வலிக்கிற மாதிரி. சண்டையை நீட்டுகிறேன் என்று அவளுடைய டேமேஜை ஏற்றினால் வேறு சிக்கல் வரும். வயதுவந்த சிவப்பு டிராகனின் நெருப்பு மூச்சு 18 ஆறுமுகப் பகடை, சராசரி 63. உங்கள் விசார்டின் மொத்த ஹிட் பாயிண்டே ஐம்பத்துச் சொச்சம்தான் இருக்கும். முதல் சுற்றிலேயே படுத்துக்கிடப்பவருக்கு அந்த இரவில் வேறு வேலையே இருக்காது.

கயிற்றுப்பாலம்:
இருபதுமுகம் சொல்கிற கணக்கு சரி, ஆனால் அதை மட்டும் செய்தால் நன்றாக ஓடுகிற ஒரு சண்டைதான் கிடைக்கும், நினைவில் நிற்கிற சண்டை கிடைக்காது. வேழவதிக்கு இவர்களைக் கொல்ல வேண்டிய அவசியமே இல்லையே! அவளுக்கு வேண்டியது ஏழாவது மணி. அவளைச் சண்டைக்காரியாக நினைக்காதீர்கள், அவசர வேலையில் இருப்பவளாக நினையுங்கள், இவர்கள் வந்து குறுக்கே நிற்கிறார்கள், அவ்வளவுதான்.

இவர்கள் உள்ளே நுழையும்போதே இரண்டு மணி அடித்தாகிவிட்டது. அதன் பிறகு ஒவ்வொரு சுற்றிலும் இனிஷியேட்டிவ் (யார் முறை எப்போது என்ற வரிசை) 20-ல், லேர் ஆக்ஷன் (எதிரியின் இருப்பிடமே செயல்படுவது) வருகிற அதே இடத்தில், ஒரு மணி. யாராவது தன் ஆக்ஷனைச் செலவழித்துக் கயிற்றை இழுத்துப் பிடித்தால் அந்தச் சுற்றில் மணி ஒலிக்காது. இப்போது ஒவ்வொருவரும் தன் முறை வரும்போது யோசிக்க வேண்டும்: அவளை அடிப்பதா, கயிற்றைப் பிடிப்பதா? அந்த வாக்குவாதம்தான் பின்னால் பேசப்படும். அடுத்து எந்தக் கயிறு அசையப்போகிறது என்பதை மட்டும் ஒரு சுற்று முன்னாலேயே சொல்லிவிடுங்கள். தெரியாமல் வந்து விழுகிற தண்டனையில் யாருக்கும் தேர்வு இல்லை.

கூண்டு உயரமாக இருக்கட்டும், அவள் உச்சியில் நிற்கட்டும். கவுண்டர்ஸ்பெல்லுக்கு, அதாவது அவள் மந்திரத்தை முறிக்க, அவள் 60 அடிக்குள் இருக்க வேண்டும், முறிப்பவர் கண்ணிலும் படவேண்டும். அதனால் உங்கள் விசார்ட் ஏறித்தான் ஆகவேண்டும், அல்லது அவளை இறக்க வேண்டும். மாங்க் ஒன்பதாம் லெவலில் சுவரிலேயே ஓடுவார், அதைத் தடுக்க எதையும் வைக்காதீர்கள். அவருக்கு அந்தச் சண்டையே அந்த ஓட்டத்துக்காகத்தான் நினைவிருக்கும்.

சாம்பல்பகடை:
மணிக்கணக்கு அருமை, எடுத்துக்கொள்கிறேன். இரண்டு சந்தேகம். ஸ்டன் விஷயத்தில் லெஜண்டரி ரெசிஸ்டன்ஸ் (தோற்ற சேவிங் த்ரோவை, அதாவது தப்பிப்பதற்கான உருட்டலை, ஜெயித்ததாக மாற்றும் திறன்) கொடுக்கலாம்தான், ஆனால் "தோற்றேன், இல்லை ஜெயித்தேன்" என்று மூன்று முறை சொல்லும்போது மாங்க் ஆடுபவரின் முகம் வாடிப்போகும். ஸ்டன்னுக்குச் செலவழித்த கீ பாயிண்ட் போனதுதான் மிச்சம். இன்னொன்று, எழுப்பப்படும் படையைக் கிளரிக் டர்ன் அன்டெட் (செத்து எழுந்தவற்றை விரட்டும் திறன்) போட்டு மொத்தமாக விரட்டிவிட மாட்டாரா?

ஊமைமணி:
ரெசிஸ்டன்ஸுக்கு ஒரு விலை வையுங்கள். அவள் அதைப் பயன்படுத்தும் ஒவ்வொரு முறையும் இன்னும் ஒலிக்காத மணி ஒன்றில் விரிசல் விழுகிறது, விரிசல் விட்ட மணி ஒலிக்க இரண்டு சுற்று ஆகும். மணிகளிலிருந்துதான் அவள் சக்தியை உறிஞ்சுகிறாள் என்று சொல்லிவிட்டால் கதையிலும் பொருந்திவிடும். இப்போது மாங்கின் ஸ்டன் பலிக்காவிட்டாலும் பார்ட்டிக்கு ஒரு சுற்று மிச்சம். சொல்லப்போனால் அவளை ரெசிஸ்டன்ஸ் செலவழிக்க வைப்பதே ஒரு தந்திரமாகிவிடும், அதை அவர்களே கண்டுபிடிக்கட்டும்.

படையைப் பற்றி: விரட்டுவது மட்டுமில்லை, எட்டாம் லெவல் தாண்டிய கிளரிக்கின் டர்ன் அன்டெட்டில் சேவிங் த்ரோ தவறினால் சேலஞ்ச் ரேட்டிங் (எதிரியின் வலிமை அளவு) 1 வரையுள்ளவை அங்கேயே பொடிப்பொடி. நன்றாக ஆகட்டும்! 30 அடிக்குள் நிற்பவைதானே போகும், அடுத்த மணிக்கு இன்னும் சில எழும். அவற்றுக்கு, 2008-ல் வந்த நான்காம் பதிப்பின் மினியன் (ஒரே அடியில் விழும் சிறு எதிரி) மாதிரி, ஒரே ஒரு ஹிட் பாயிண்ட் போதும். உங்களுக்கும் கணக்கு வைக்கும் தொல்லை இல்லை, விசார்டின் ஃபயர்பாலுக்கும் வேலை இருக்கும்.

இருபதுமுகம்:
விரிசல் யோசனை என் மூன்று லெஜண்டரி ஆக்ஷனை விட நல்லது, ஒத்துக்கொள்கிறேன். இன்னொன்றும் சேர்க்கலாம். ஹிட் பாயிண்ட் பாதிக்குக் கீழே இறங்கியதும் அவள் நடத்தை மாற வேண்டும். அதுவரை மணியை மட்டும் பார்த்தவள், இனிமேல் கயிற்றைப் பிடிப்பவர்களைக் குறிவைக்கிறாள். புள்ளிவிவரத்தில் எதையும் மாற்ற வேண்டாம், யாரை அடிக்கிறாள் என்பதை மாற்றினாலே சண்டை வேறு மாதிரி தெரியும்.

அவள் தப்பித்து ஓடுவது பற்றி யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். கடைசி நொடியில் புகையாகி மறைந்தால் பிளேயர்கள் உங்கள் மேல்தான் கோபப்படுவார்கள், அவள் மேல் இல்லை. ஓட வழி வேண்டுமென்றால் அது முன்பே அவர்கள் கண்ணில் பட்டிருக்க வேண்டும், அவர்களால் அடைக்கவும் முடிய வேண்டும்.

கயிற்றுப்பாலம்:
ஓடுவதைவிட முக்கியமானது, ஏழாவது மணி நிஜமாகவே அடித்துவிட்டால் என்ன நடக்கும் என்பதை இப்போதே எழுதி வைப்பது. டிஎம்முக்கு அந்தப் பக்கம் வெறுமையாக இருந்தால், ஆறாவது மணி அடித்ததும் கை தானாக அவளைத் தோற்கடிக்கப் பார்க்கும், மேசையில் இருப்பவர்கள் அதை மோப்பம் பிடித்துவிடுவார்கள். படை எழுந்து தலைநகரை நோக்கி நடக்கிறது, இவர்கள் உயிரோடுதான் இருக்கிறார்கள், மூன்று நாள் அவகாசம் என்று இரண்டு பத்தி இருந்தால்கூடப் போதும்.

சாம்பல்பகடை:
அந்த இரண்டு பத்தியை இன்றைக்கே எழுதிவிடுகிறேன். படையில் முதலில் எழுபவன் பாலடினின் பழைய குரு. அவனுக்கு மட்டும் ஒரு ஹிட் பாயிண்ட் வைக்கப்போவதில்லை.