தீவுக்குக் குடிபோகிறீர்களா? சோபாவை விடுங்கள், மிக்ஸி வாஷரை எடுங்கள்

வெப்பமண்டலத் தீவுக்குக் குடிபெயர்கிறவர்கள் சாமான் பட்டியலோடு வந்து கேட்பது ஒன்றுதான்: "அங்கே இது கிடைக்குமா?" கிடைக்கும். கட்டில், சோபா, வாஷிங் மெஷின் எல்லாம் ஏதோ ஒரு கப்பலில் அங்கேயும் வந்து இறங்கத்தான் செய்கின்றன. அதனால் நான் வேறு இரண்டு கேள்விகளைத் திருப்பிக் கேட்பேன். அந்தக் காற்றில் இது எத்தனை நாள் தாங்கும்? கெட்டுப்போனால் இதற்கான உதிரிபாகம் அங்கே கையில் கிடைக்குமா? இப்படிப் பார்த்தால் பட்டியல் தலைகீழாகிவிடும். பெரிய சாமான்களில் பாதிக்கு மேல் நின்றுவிடும், சின்னச் சின்னப் பொருள்கள் பெட்டியில் ஏறும்.

பெட்டி கட்டுவதற்கு முன்னால், போகிற வீடு தீவின் எந்தப் பக்கம், எவ்வளவு உயரத்தில் என்று விசாரித்துக்கொள்ளுங்கள். தீவின் பெயர் மட்டும் தெரிந்தால் போதாது. ஹவாயின் பெரிய தீவையே எடுத்துக்கொள்ளுங்கள். ஈரக்காற்று வந்து மோதுகிற கிழக்குப் பக்கத்தில் இருக்கும் ஹிலோவில் ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டுகிறது. மலைக்கு அந்தப் பக்கம் கோனா கடற்கரை மழை மறைவில் காய்ந்து கிடக்கிறது. நடுவில் நிற்கும் மௌனா கியா 4,207 மீட்டர், உச்சியில் பனியே பெய்யும். ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் 6 டிகிரி குறைந்துவிடும். ஆகவே "வெப்பமண்டலம்தானே, கம்பளி எதற்கு" என்று மொத்தமாக ஒதுக்கவும் கூடாது. வீடு மேட்டில் என்றால் கனமான போர்வை வேண்டும். கடலோரத்தில் என்றால் அலுவலக ஏசிக்கு மெல்லிய ஜாக்கெட் ஒன்று போதும்.

சரி, ஈரத்துக்கு வருவோம். காற்றின் ஈரப்பதம் 60 சதவீதத்தைத் தாண்டித் தொடர்ந்து நின்றாலே பூஞ்சை பிடிக்க வாய்ப்பு உண்டு. மழை விழும் பக்கங்களில் 70, 80 என்பது சர்வசாதாரணம். முதலில் மாட்டுவது தோல் பொருள்கள். அலமாரிக்குள் அடைத்து வைத்த பெல்ட், ஷூ, கைப்பை மேல் சாம்பல் பூத்ததுபோல் பூஞ்சை படரும். துடைத்தால் போகும், மறுபடி வரும். அசல் தோலையாவது துடைத்துத் துடைத்து ஓட்டலாம், செயற்கைத் தோலில் அதுவும் நடக்காது. அதிலும் பல ஷூக்களின் அடிப்பாகத்திலும் இருக்கும் பாலியூரித்தேன் என்கிற பிளாஸ்டிக் பொருள் ஈரத்தோடு வினைபுரிந்து மெல்ல மெல்லச் சிதையும். போடாமல் பத்திரமாக வைத்திருந்த ஷூவை ஒருநாள் மாட்டிக்கொண்டு நாலு அடி நடந்தால் அடிப்பாகம் பொடிப்பொடியாக உதிரும். சோபாவின் மேலுறை செதில் செதிலாக உரியும். தள்ளுபடியில் கிடைக்கிறதே என்று நாலு ஜோடி ஷூவை முன்கூட்டியே வாங்கிச் சேர்க்காதீர்கள்.

மரச்சாமான்களில் மரத்தூளையும் மரநாரையும் ஒட்டி அழுத்திச் செய்த பார்ட்டிகிள் போர்டு, எம்.டி.எஃப். வகையறாவை யோசிக்காமல் விற்றுவிடுங்கள். ஓரத்தில் ஒட்டியிருக்கும் பட்டை கொஞ்சம் பிரிந்தாலும் அந்த வழியே ஈரம் ஏறி ஊதிவிடும், ஸ்க்ரூ பிடிக்காது. தேக்கு போன்ற திடமான மரம் என்றால் கொண்டுபோவதைப் பற்றிப் பேசலாம். மெத்தையை விட்டுவிடுங்கள், அதில் விவாதமே வேண்டாம். புத்தகங்களில் திரும்பத் திரும்பப் படிப்பவை மட்டும் போதும். ஈரமான அலமாரி வெள்ளிமீன் பூச்சிக்கு விருந்து. பழைய போட்டோக்களை ஸ்கேன் செய்துவிட்டு அசலை உறவினர் வீட்டில் விட்டுவைப்பது நல்லது. கேமரா லென்ஸ் வைத்திருப்பவர்கள் ஈரப்பதத்தைக் குறைத்து வைக்கும் டிரை கேபினெட் என்ற பெட்டியையும் சேர்த்தே கணக்கில் கொள்ளுங்கள். அதற்குள் 40 முதல் 50 சதவீதத்தில் வைத்தால் கண்ணாடியில் பூஞ்சை வராது. கிட்டார், வயலினுக்கும் கிட்டத்தட்ட அதே அளவுதான்.

கடலோர வீட்டில் ஈரத்தோடு உப்பும் சேர்ந்துகொள்ளும். "ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்தானே" என்று நம்பி இருக்க முடியாது. வழக்கமாக விற்கப்படும் 304 வகையில் உப்புக்காற்று பட்டால் பழுப்புக் கறை விழும். 316 வகையில் 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் இருப்பதால் உப்பைக் கூடுதலாகத் தாங்கும். பால்கனியில் நிற்கப்போகும் துணி காயவைக்கும் ஸ்டாண்ட், சைக்கிள், கருவிப்பெட்டி இதற்கெல்லாம் இந்தக் கணக்கு பொருந்தும். நல்ல சைக்கிள் இருந்தால் கொண்டுபோகலாம், கூடவே உதிரிச் சங்கிலியும் எண்ணெயும் போகட்டும்.

மின்சாதனங்களில்தான் பலர் ஏமாறுகிறார்கள். மொரீஷியஸ், சிங்கப்பூர், பிஜி எல்லாம் 230–240 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். ஹவாய், போர்ட்டோ ரிக்கோ 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். அடாப்டர் பிளக்கின் வடிவத்தைத்தான் மாற்றும், வோல்டேஜைத் தொடாது. 230 வோல்ட் இஸ்திரிப்பெட்டியை 120 வோல்ட்டில் செருகினால் ஏறத்தாழ கால்பங்கு சூடுதான் ஏறும். தலைகீழாகச் செய்தால் புகைதான். டிரான்ஸ்ஃபார்மர் வாங்கிச் சமாளிக்கலாம் என்பார்கள். இஸ்திரிப்பெட்டி அளவுக்கு வாட் இழுக்கும் சாதனத்துக்கான டிரான்ஸ்ஃபார்மரைத் தூக்கிக்கொண்டு போவதற்கு அங்கேயே புது இஸ்திரிப்பெட்டி வாங்கலாம். அப்புறம், டிரான்ஸ்ஃபார்மர் வோல்டேஜை மாற்றுமே தவிர ஹெர்ட்ஸை மாற்றாது. 60 ஹெர்ட்ஸுக்குச் செய்த ஃப்ரிட்ஜ் மோட்டார் 50 ஹெர்ட்ஸில் மெதுவாக ஓடிச் சூடாகும். லேப்டாப், போன் சார்ஜர்களில் "100–240 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ்" என்று அச்சிட்டிருந்தால் கவலையில்லை, பிளக் மாற்றினால் போதும். வோல்டேஜ் ஒத்துப்போனாலும் நம்முடைய மாடல் அங்கே விற்கப்படாவிட்டால் ஒரு ரப்பர் வளையத்துக்காக இயந்திரமே மூலையில் கிடக்கும். குக்கர் கேஸ்கெட், சேஃப்டி வால்வு, மிக்ஸி ஜாரின் பிளேடும் வாஷரும், ஃபில்டர் இவற்றில் இரண்டு மூன்று செட் எடுத்துக்கொள்ளுங்கள். கைப்பிடியளவு இடம்கூடப் பிடிக்காது.

காரைப் பற்றியும் கேட்பீர்கள். என் பதில் வேண்டாம் என்பதே. மொரீஷியஸும் ரியூனியனும் பக்கத்துப் பக்கத்துத் தீவுகள். முன்னதில் இடப்பக்கம் ஓட்டுவார்கள், பின்னதில் வலப்பக்கம். இதோடு இறக்குமதி வரி, வண்டியின் வயது வரம்பு, துரு.

கப்பலில் அனுப்புவதாக முடிவு செய்தால் இடத்தைக் கன மீட்டரில் யோசியுங்கள். 20 அடி கன்டெய்னருக்குள் சுமார் 33 கன மீட்டர். அதை நிரப்பும் அளவுக்கு இல்லையென்றால் மற்றவர்கள் சரக்கோடு பங்கு போட்டு அனுப்புவார்கள், அதற்கும் கன மீட்டர் கணக்குதான். காலி டிராயருக்கும் காசு. பகல் சூட்டிலும் இரவுக் குளிரிலும் கன்டெய்னரின் கூரையில் நீர் கோத்துக் கீழே சொட்டும். ஆகவே துணியையும் புத்தகத்தையும் அட்டைப்பெட்டிக்குள் பிளாஸ்டிக் பையில் கட்டி, ஈரம் உறிஞ்சும் பைகளைப் போட்டு அனுப்புங்கள். ஈரம் முழுக்கக் காயாத எதையும் உள்ளே வைக்க வேண்டாம்.

தீவுகளின் உயிரினப் பாதுகாப்புச் சோதனையைக் கெடுபிடி என்று சலித்துக்கொள்கிறவர்கள் குவாம் கதையைக் கேட்க வேண்டும். இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு ராணுவச் சரக்கோடு ஒளிந்துவந்த பழுப்பு மரப்பாம்பு, அந்தத் தீவின் காட்டுப் பறவை இனங்களில் பெரும்பாலானவற்றைத் தின்று தீர்த்தது. விதை, செடி, மண் ஒட்டிய ஷூ, தோட்டக் கருவி, கூடாரம் எல்லாம் பிரச்சினைதான். கழுவிக் காயவைத்துப் படிவத்தில் உள்ளபடியே எழுதுங்கள். மரப்பெட்டியில் அடைப்பதானால் அந்த மரம் 56 டிகிரியில் 30 நிமிடம் உள்வரை சூடேற்றப்பட்டதற்கான ஐ.எஸ்.பி.எம். 15 என்ற சர்வதேச மரப்பொதி விதியின் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். நாய், பூனை வைத்திருப்பவர்கள் மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் அந்த வேலையைத் தொடங்க வேண்டும். வெறிநோய் இல்லாத ஹவாயில் தடுப்பூசி, ரத்தப் பரிசோதனை எல்லாம் முறைப்படி முடிக்காவிட்டால் 120 நாள் வரை தனிமையில் வைப்பார்கள்.

இனி, இடம் போதவில்லை என்றாலும் விடக்கூடாதவை. மருந்துச் சீட்டு, மருந்தின் பொதுப்பெயரோடு. மருந்து அதன் சொந்த உறையிலேயே இருக்கட்டும். கோடீன் போன்றவை கலந்த வலி, இருமல் மருந்துகளுக்குப் பல நாடுகளில் கட்டுப்பாடு உண்டு, முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். இன்னொரு ஜோடி மூக்குக்கண்ணாடி. நல்ல கொசுவலை. மெல்லிய பருத்தி, லினன் துணிகள். ஜீன்ஸ் ஒன்றே போதும், மழைக்காலத்தில் துவைத்தால் காய்வதற்குள் வெறுத்துவிடும். சன்ஸ்கிரீன் எடுத்துப்போனால் ஆக்ஸிபென்ஸோன், ஆக்டினாக்ஸேட் இல்லாததாகப் பாருங்கள். பவளப்பாறைகளைக் காக்க 2020-இல் பலாவு என்ற தீவு நாடும் 2021-இல் ஹவாயும் இவற்றுக்குத் தடை போட்டன. துத்தநாக ஆக்ஸைடு வகைகளில் இந்தச் சிக்கல் இல்லை.

புயல் வரும் தீவு என்றால் டார்ச், பவர் பேங்க், தண்ணீர் புகாத ஆவணப் பை மூன்றும் முதல் நாளிலிருந்தே வீட்டில் இருக்க வேண்டும். அட்லான்டிக் பக்கம் ஜூன் முதல் நவம்பர் வரை, இந்தியப் பெருங்கடலின் தென்பகுதியில் சுமாராக நவம்பர் முதல் ஏப்ரல் வரை புயல் பருவம். அந்த மாதங்களில் கப்பலும் தாமதமாகலாம் என்பதால் சாமான் வந்துசேரும் தேதியை நம்பி எதையும் திட்டமிடாதீர்கள். பவர் பேங்க் 100 வாட்-அவர் வரை, அதாவது சுமார் 27,000 மில்லி-ஆம்பியர் அவர் வரை, விமானத்தில் கைப்பையில் மட்டும்தான் போகும். பாஸ்போர்ட், சான்றிதழ்களின் அசல், சாமான் பட்டியலின் நகல் இவையும் அதே கைப்பையில். பட்டியலை "பெட்டி 7: சமையலறை" என்று எழுதினால் சுங்கத்தில் கேள்வி மேல் கேள்வி வரும். பொருள், எண்ணிக்கை, பழையதா புதியதா, உத்தேச மதிப்பு என்று வரிவரியாக எழுதுங்கள். புழங்கிய வீட்டுச் சாமானுக்குப் பல நாடுகள் வரிவிலக்கு தருகின்றன, ஆனால் பிரிக்காத பெட்டியில் இருக்கும் புது மிக்ஸியை அந்தக் கணக்கில் சேர்க்கமாட்டார்கள்.