நீலகிரிப் புல்வெளிகள் எரிந்துபோன காடுகளின் மிச்சமா?

கோவைவாசகன் (கேள்வி):
அவலாஞ்சி, முக்கூர்த்தி பகுதிகளில் குன்றுகளின் மேடெல்லாம் புல்லாகவும், நீரோடும் மடிப்புகளில் மட்டும் சோலைக்காடாகவும் இருப்பதைப் பலரும் பார்த்திருப்பீர்கள். சோலை முடியும் இடத்திலேயே, இடையில் அதிகம் புதர்கூட இல்லாமல், புல் தொடங்கிவிடுகிறது. ஒரு காலத்தில் மலை முழுவதும் சோலையாக இருந்தது என்றும், எருமை மேய்ச்சலுக்காகத் தோடர்கள் ஆண்டுதோறும் தீ வைத்ததால்தான் காடு அழிந்து புல்வெளியாயிற்று என்றும் ஒரு கட்டுரையில் படித்தேன். அது உண்மையானால், தீயை அடியோடு தடுத்துவிட்டால் சோலை தானாகவே மேடேறி வர வேண்டும் அல்லவா? விவரம் அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

சதுப்புநிலம்:
நீங்கள் படித்தது பழைய வழக்கின் ஒரு தரப்பு. 1930-களிலேயே தாவரவியலாளர் என். எல். போர், மனிதர் மூட்டிய தீயும் மேய்ச்சலுமே புல்வெளிக்குக் காரணம் என்றார், வன அதிகாரி சி. ஆர். ரங்கநாதனோ உறைபனிதான் மரங்களைத் தடுக்கிறது என்று 1938-இல் வாதிட்டார். இருவரும் கண்முன் இருந்த நிலத்தைப் பார்த்துப் பேசினார்கள். சான்று நிலத்தடியில் கிடந்தது.

உதகைக்கு அருகில் சாண்டிநல்லா பள்ளத்தாக்கின் சதுப்பில், அரைகுறையாக மட்கிய செடிகொடிகள் ‘பீட்’ எனப்படும் கருமண்ணாகப் பல்லாயிரம் ஆண்டுகளாக அடுக்கடுக்காகப் படிந்துள்ளன. மரங்களும் வெப்பமண்டலப் புற்களும் காற்றிலுள்ள கார்பனை வெவ்வேறு வழிகளில் ஈர்ப்பதால், மட்கிய பின்னும் அவற்றில் கார்பன்-13 எனும் சற்றே கனமான கார்பன் வகையின் விகிதம் வேறுபட்டே நிற்கும். அதை அடுக்கு அடுக்காக அளந்து சூழலியலாளர் ஆர். சுகுமார் உள்ளிட்டோர் 1993-இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன், பனியுகத்தின் உச்சத்தில், இங்கே புல்லே ஓங்கியிருந்தது. பருவமழை வலுத்த சுமார் 10,000 ஆண்டுகளுக்கு முந்தைய காலத்தில் மரங்கள் முன்னேறின. பிறகு வறட்சி வந்தபோது மீண்டும் பின்வாங்கின. மேய்ச்சல் சமூகங்கள் மலையேறியதாகக் கருதப்படும் காலத்துக்கு வெகுமுன்பே புல்வெளி இருந்திருக்கும்போது, தோடர்கள்மீது அந்தப் பழியைச் சுமத்துவது நியாயமன்று.

குன்னூர்க்காரர்:
மேலே சொன்னதை ஏற்கிறேன். ஆனால் தீயை முற்றிலும் விடுவித்துவிடவும் முடியாது. டிசம்பர் முதல் பிப்ரவரி வரை, மேகமற்ற இரவுகளில் குளிர்காற்று சரிவுகளில் இறங்கித் தேங்கும்போது, திறந்த வெளியில் முளைத்த சோலை நாற்றின் தளிர் விடிவதற்குள் கருகிவிடுகிறது. அதே பனியில் காய்ந்து சருகான புல், அடுத்து வரும் உலர்மாதங்களில் ஒரு தீப்பொறிக்குக் காத்திருக்கும். தீ ஓடினாலும் புல்லின் குருத்து மண்மட்டத்திலேயே இருப்பதால் முதல் மழைக்கே தழைத்துவிடும். பனிக்குத் தப்பிய நாற்று அந்தத் தீயில் போய்விடும். தீயோ பெரும்பாலும் சோலையின் விளிம்போடு நின்றுவிடும், உள்ளே அவ்வளவு ஈரம். இரண்டுக்கும் ஈடுகொடுத்துப் புல்லின் நடுவே தனியாக நிற்கும் மரம் காட்டுப்பூவரசு எனப்படும் ரோடோடென்ட்ரான். அதன் தடித்த பட்டையைத் தொட்டுப் பார்த்தால் காரணம் புரியும். புல்வெளியைத் தந்தது காலநிலை என்றால், அதன் எல்லைக்கோட்டை ஆண்டுதோறும் திருத்தி வரைவதில் தீக்கும் பங்கு உண்டு என்பதே என் கருத்து.

மசினகுடியான்:
ஒரு சிறு குறுக்கீடு. இதே மாவட்டத்தின் கீழ்ப்பகுதியான முதுமலையின் இலையுதிர்காட்டுக்கு இந்தக் கணக்குப் பொருந்தாது. அங்கே தேக்கும் வேங்கையும் தீயோடு பழகியவை. இளங்கன்றுகளின் தண்டு கருகினாலும் வேரடியிலிருந்து மீண்டும் துளிர்க்கும். 1988-இல் இந்திய அறிவியல் கழகத்தினர் அங்கே 50 ஹெக்டேரில் அமைத்த ஆய்வுநிலத்தில், மரங்களை ஒவ்வொன்றாக எண்ணியே இதைக் கண்காணித்து வருகிறார்கள். நீலகிரித் தீ என்று பொதுவாகப் பேசுவதைத் தவிர்ப்பது நல்லது.

குன்னூர்க்காரர்:
கேள்வியின் இரண்டாம் பகுதிக்கு வருகிறேன். தீயைத் தடுக்கும் சோதனை ஏற்கெனவே நடந்துவிட்டது. 1882-ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டம் காப்புக்காடுகளில் தீ மூட்டுவதைக் குற்றமாக்கியது. அதன்பின் புல்வெளியை வெற்று நிலமாகவே கருதி, ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த சீகையையும் (வாட்டில் மரம்) கற்பூர மரத்தையும் (யூகலிப்டஸ்) ஏக்கர் ஏக்கராக நட்டார்கள். தோல் பதனிடும் பட்டைக்கும், செயற்கைப் பட்டு ஆலைக்கான கூழுக்கும் அவை பயன்பட்டன. எனவே தீ நின்ற இடத்துக்குப் பெரும்பாலும் வந்தது சோலை அல்ல, சீகை. அதன் கடினத்தோல் விதைகள் மண்ணில் பல பத்தாண்டுகள் உறங்கும். சூடு பட்டால் ஒன்றாக விழித்துக்கொள்ளும். இப்போது அங்கே தீ வைத்தால் புல்லுக்குப் பதில் சீகைக்கன்றுகளே அடர்ந்து கிளம்பும். காடு அழிந்ததைப் பற்றிக் கவலைப்படுகிறோம். இம்மலையில் அதைவிட விரைவாக மறைந்தது புல்வெளி.

கோவைவாசகன்:
மிக்க நன்றி. அப்படியானால் சீகையை அடியோடு வெட்டிவிடுவதுதான் வழியா?

சதுப்புநிலம்:
அங்கேதான் ஆய்வாளர்களுக்குள்ளேயே கருத்து மாறுபடுகிறது. முதிர்ந்த தோட்டங்களில், சோலை அருகில் இருக்கும் இடங்களில், சீகையின் நிழலே உறைபனியைத் தடுப்பதால், அதன் அடியில் சோலை நாற்றுகள் முளைத்து வளர்கின்றன. பழனி மலையிலும் இது பதிவாகியிருக்கிறது. அவற்றை ஒரேயடியாக வெட்டினால் நாற்றுகள் பனிக்கு இரையாகும், சீகை விதைகளும் வெயில் பட்டுக் கிளம்பும். புதிதாகச் சீகை பரவும் புல்வெளி விளிம்புகளில் கன்றுகளை வேரோடு பிடுங்குவதே முதலில் செய்யத்தக்கது. சோலை நாற்று நிறைந்த பழைய தோட்டங்களை இப்போதைக்குத் தொடாமல் விடலாம் என்பது என் கட்சி.