புதுப்பிப்பு: மைன்கிராஃப்ட் பெட்டிப் பொறி

மைன்கிராஃப்ட் விளையாட்டில், பெட்டியைத் திறந்தால் தரை விலகி ஆளை உள்ளே இழுக்கும் பொறி ஒன்றுக்கு யோசனை கேட்டிருந்தேன். பொறிப்பெட்டி (திறந்தால் சிக்னல் அனுப்பும் பெட்டி) வைத்தால் பூட்டைச் சுற்றியுள்ள சிவப்பைப் பார்த்தே எங்கள் சர்வரில் கூட விளையாடும் ஆட்கள் உஷாராகிவிடுகிறார்கள் என்பதுதான் அப்போதைய புலம்பல்.

பலர் சொன்னபடி சாதாரணப் பெட்டியே வைத்து, பக்கத்துச் சுவருக்குள் காலிபிரேட்டட் ஸ்கல்க் சென்சாரை (குறிப்பிட்ட வகை அதிர்வை மட்டும் உணரும்படி அமைக்கக்கூடிய கட்டை) ஒளித்துவிட்டேன். பெட்டி திறக்கும் அதிர்வுக்கு மட்டும் அசைகிறது. பதுங்கி நடந்து வந்தாலும் தப்பிக்க முடியாது, மூடியைத் திறந்துதானே ஆக வேண்டும்!

ஒரே தலைவலி: தரை திரும்ப மூடும்போது அதைத் தள்ளும் பிஸ்டன் நீள்வதையும் சென்சார் பெட்டி திறந்ததாகவே எடுத்துக்கொண்டது. ஆளே இல்லாமல் தரை தானாகத் திறந்து மூடிக்கொண்டிருந்தது, பேய் வீடு மாதிரி. பிஸ்டனுக்கும் சென்சாருக்கும் நடுவே, அதிர்வைத் தடுக்கும் கம்பளிக் கட்டைகளை அடுக்கியதும் அடங்கியது.

அப்புறம், குழியின் அடியில் தண்ணீர்தான், கூடவே கோழிக்கூட்டம். விழுபவருக்கு அடியும் இல்லை, பொருள் நஷ்டமும் இல்லை. டிஎன்டி வெடி வைக்கச் சொன்னவர்களே, மன்னிக்கவும். எனக்கு நண்பர்கள் வேண்டும்.

இந்த சென்சார் விளையாட்டின் 1.20 பதிப்பில்தான் வந்தது. அதற்கு முந்தைய பதிப்பில் ஓடும் பழைய சர்வர் என்றால் இது கிடைக்காது.